அதிகம் படம் பிடிக்கப்பட்டவர்களும் அம்பு எய்தவர்களும்

போர்ட் பிளேரிலிருந்து பாராடாங் சுண்ணாம்புக் குகைகளுக்குப் போகிற வண்டிகள் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசை கட்டி நிற்கும். அங்கிருந்து சாலை ஜாரவா மக்களின் காப்புக்காட்டுக்குள் நுழைகிறது. குறித்த நேரத்தில், முன்னும் பின்னும் காவலோடு, எல்லா வண்டிகளும் ஒன்றாகத்தான் போக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, தின்பண்டம் எதுவும் கொடுக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. மீறினால் சிறைத் தண்டனை வரை போகலாம். இவ்வளவும் சரிதான். ஆனால் அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலைத் திறந்தால், 1890-களில் எடுத்த அந்தமான் பழங்குடியினரின் படங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஆணும் பெண்ணும் ஆடையில்லாமல், நேராகவும் பக்கவாட்டிலும், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையில் உடம்பு ஒட்டி நிற்க. அந்தப் படங்களுக்குச் சோதனைச் சாவடி எதுவும் இல்லை.

அந்தமானின் பழைய நிழற்படங்களைக் கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். தீவுக்கூட்டத்தின் பழங்குடிகளைப் பொதுவாக நான்கு பிரிவாகச் சொல்வார்கள்: பெரிய அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் மிகப் பெரும்பகுதி பெரிய அந்தமானியருடையவை. சிற்றந்தமானின் ஓங்கேக்கள் ஓரளவு இருக்கிறார்கள். ஜாரவாக்கள் என்றால் பிடித்து வரப்பட்ட ஒரு சிலர். சென்டினலியர் ஏறக்குறைய இல்லை. மக்கள் அழிந்த கணக்கை எடுத்துப் பார்த்தாலும் இதே வரிசைதான் வருகிறது. அதிகமாகப் படம் பிடிக்கப்பட்டவர்களே அதிகமாகச் செத்தார்கள். கேமரா யாரையும் கொல்லவில்லை, அது வேறு கதை. கேமரா வந்த படகில்தான் தட்டம்மையும் புகையிலையும் வந்தன, அவ்வளவுதான். ஒரு குழுவின் படம் எத்தனை இருக்கிறது என்பதை வைத்தே, பிரிட்டிஷ் நிர்வாகத்தின் கை அந்தக் குழுவின் மீது எவ்வளவு தூரம் நீண்டது என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கதை 1857-இல் தொடங்குகிறது. சிப்பாய்க் கிளர்ச்சி ஓய்வதற்கு முன்பே, பிடிபட்ட ஆயிரக்கணக்கானவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி கல்கத்தா அரசுக்கு வந்துவிட்டது. அந்தமானில் கைதிக் குடியிருப்பு அமைக்க இடம் பார்க்க மருத்துவர் ஃபிரெடரிக் மௌவாட் தலைமையில் ஒரு குழு கிளம்பியது. 1857 நவம்பரில் புளூட்டோ என்ற நீராவிக் கப்பலில் போன அந்தக் குழுவோடு மாலிட் என்ற பிரெஞ்சு நிழற்படக்காரரும் இருந்தார். அன்றைய நிழற்படம் ஈரக் கண்ணாடித் தகட்டு முறை. தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் பிடித்து, உடனே அங்கேயே கழுவியாக வேண்டும். இருட்டுக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், அமிலப் புட்டிகள், நல்ல தண்ணீர் எல்லாம் கூடவே வர வேண்டும். எதிரே இருப்பவரும் சில நொடிகளாவது ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். கரையில் இறங்கினாலே வில்லை எடுக்கிற மக்களிடம் இது நடக்கிற காரியமா?

நடக்கவில்லை. ஆகவே வேறு வழியில் நடந்தது. இன்டர்வியூ தீவுக்கு அருகே நடந்த மோதலில் தீவுக்காரர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள்; ஒருவரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். ஜாக் என்று பெயர் வைத்து, மாலுமி உடுப்பு மாட்டி, கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. படம் எடுக்கப்பட்டது. அப்புறம் அவருக்குக் காலரா வந்தது; அதிலிருந்து மீண்டால் நுரையீரல் நோய். பிழைக்க மாட்டார் என்று தோன்றியதும் திரும்பக் கொண்டுபோய்ப் பிடித்த கரையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று எந்தப் பதிவிலும் இல்லை. அந்தமான் மனிதர் ஒருவரின் முதல் நிழற்படங்களில் சேர்கிற படத்தின் பின்னணி இது. இதற்குப் பிறகு அரை நூற்றாண்டு நடக்கப்போகிற எல்லாவற்றின் அச்சும் இதற்குள்ளேயே இருக்கிறது: பிடிப்பது, பெயர் வைப்பது, ஊருக்குக் காட்டுவது, படம் எடுப்பது, நோய், திருப்பி விடுவது.

1858-இல் கைதிகள் வந்து இறங்கினார்கள், காடு வெட்டத் தொடங்கினார்கள். தங்கள் நிலத்தை விடாத தீவுக்காரர்கள் 1859 மே மாதத்தில் குடியிருப்பைக் கூட்டமாகத் தாக்கினார்கள். அபர்தீன் சண்டை என்று இன்றும் போர்ட் பிளேரில் நினைவுகூரப்படுவது அதுதான். காட்டுக்குள் ஓடிப்போய் அவர்களோடு சில காலம் வாழ்ந்திருந்த தூத்நாத் திவாரி என்ற கைதி, தாக்குதல் வருவதை முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டார். பீரங்கி வைத்திருந்த பக்கம் வென்றது.

துப்பாக்கியால் மட்டும் அடக்க முடியாது என்று உணர்ந்த நிர்வாகம் 1863-இல் ராஸ் தீவில் ‘அந்தமான் வீடு’ ஒன்றைத் திறந்தது. பொறுப்பாளர் ஹென்றி கார்பின் என்ற பாதிரியார். பிணையாகப் பிடித்து வந்தவர்களையும், உணவுக்கும் புகையிலைக்கும் ஆசைப்பட்டு வந்தவர்களையும் அங்கே தங்க வைத்தார்கள். அவர்களுக்கு நிர்வாகம் சூட்டிய பெயர்களைப் பாருங்கள்: டாப்ஸி, ஜம்போ, ஸ்னோபால், குரூசோ, ஃபிரைடே. வீட்டு நாய்க்கும் பூனைக்கும் வைக்கிற பெயர்கள் பாதி, கதைப் புத்தகத்தில் எடுத்தவை மீதி. கார்பின் ஒரு குழுவைக் கல்கத்தாவுக்குக் கூட்டிப் போனார். அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்த ஜெரமையா ஹோம்ஃபிரேயும் 1865-இல் கூட்டிப் போனார். அப்போது சாஷே அண்ட் வெஸ்ட்ஃபீல்டு என்ற கல்கத்தா நிழற்பட நிறுவனம் எடுத்த குழுப்படம் ஒன்று பல அருங்காட்சியகங்களில் இருக்கிறது. ஹோம்ஃபிரே நடுவில், அவரைச் சுற்றி அந்தமானியர்கள். படத்தைப் பார்ப்பவருக்கு யார் வழிநடத்துகிறவர், யார் நடத்தப்படுகிறவர்கள் என்பதில் ஐயம் வராதபடி ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இதுவரை படம் என்பது வேடிக்கைப் பொருள், பரிசுப் பொருள். 1869-க்குப் பிறகு அது அளவுகோல் ஆகிறது. அந்த ஆண்டில் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, பிரிட்டிஷ் பேரரசின் எல்லா இனத்தாரையும் ஒரே முறையில் படம் பிடிக்கத் திட்டம் ஒன்று வகுத்தார்: ஆடையின்றி, முழு உருவம், நேராக ஒன்று பக்கவாட்டில் ஒன்று, பக்கத்தில் அளவுக்கோல். அதே ஆண்டு ஜான் லாம்ப்ரே மரச்சட்டத்தில் பட்டு நூலை இரண்டு அங்குலச் சதுரங்களாகக் கட்டி அதற்கு முன்னால் ஆளை நிறுத்தும் முறையை வெளியிட்டார். உலகின் எந்த மூலையில் எடுத்த படமாக இருந்தாலும் லண்டனில் மேசைமேல் பரப்பி ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம். நம் பக்கத்திலும் இந்தக் காற்று அடித்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மண்டை அளக்கும் கருவியோடு தென்னிந்தியா முழுக்கச் சுற்றியது இதே அறிவியலின் பெயரால்தான்.

போர்ட் பிளேரில் இந்த வேலையை முதலில் முறையாகச் செய்தவர் எட்வர்ட் ஹோரஸ் மேன். 1869-இல் வந்து 1901 வரை அந்தமான் நிக்கோபாரில் பணியாற்றிய அதிகாரி. மொழி கற்றார், பொருள்கள் சேகரித்தார், படங்கள் எடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டு பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் அவர் அனுப்பியவை நிறைய உண்டு. 1872-இல் விலங்கியலாளர் ஜார்ஜ் டாப்சன் வந்து சில படங்கள் எடுத்துப் போனார். இறந்த உறவினரின் மண்டையோட்டைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பெண்ணின் படம் ஐரோப்பியப் பத்திரிகைகளுக்குப் பிடித்துப்போனது. துக்கம் காக்கும் முறை அது. அங்கே அச்சானபோது அது பயங்கரக் காட்சியாகிவிட்டது.

சரி, இவர்கள் எல்லாரையும் தாண்டி நிற்பவர் மாரிஸ் விடால் போர்ட்மேன். 1860-இல் பிறந்தவர், பதின்பருவத்திலேயே கப்பல் படையில் சேர்ந்தவர். 1879-இல் அந்தமானியருக்குப் பொறுப்பான அதிகாரியாகப் போர்ட் பிளேருக்கு வந்தபோது வயது பத்தொன்பது. வந்த சில மாதங்களில், 1880 தொடக்கத்தில், ஆயுதம் தாங்கிய பெரிய குழுவோடு சென்டினலியர் வாழும் வட சென்டினல் தீவில் இறங்கினார். மக்கள் காட்டுக்குள் மறைந்துவிட்டார்கள். பல நாள் தேடி ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். ஆறு பேரும் நோயில் விழுந்தார்கள். கிழவரும் கிழவியும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் குழந்தைகள் என்ன கிருமியை எடுத்துப்போயிருப்பார்கள் என்று இன்று யோசிக்காமல் இருக்க முடியாது. சென்டினலியர் ஏன் அம்பு எய்கிறார்கள் என்று வியப்போடு கேட்பவர்களுக்கு இந்தப் பயணத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பத்தாண்டு கழித்து இதே போர்ட்மேன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக அந்தமானியரைப் பற்றிய மாபெரும் நிழற்படத் தொகுப்பைத் தொடங்கினார். 1890-களின் முற்பாதி முழுக்க இந்த வேலை நடந்தது. மருத்துவர் மோல்ஸ்வொர்த் கூட இருந்தார். பெரிய ஆல்பங்களாகப் படங்கள் ஒரு பக்கம். ஒவ்வொருவரின் உயரம், எடை, உடல் வெப்பம், மூச்சு, கை கால்களின் சுற்றளவு எழுதிய தொகுதிகள் இன்னொரு பக்கம். உள்ளங்கையையும் பாதத்தையும் தாளில் வைத்துக் கோடு இழுத்த வரைபடங்களும் அவற்றில் உண்டு. நகல் எடுக்க விலை உயர்ந்த பிளாட்டினத் தாளைப் பயன்படுத்தினார். வெள்ளித் தாள் மங்குவது போல அது மங்காது. நூற்று முப்பது ஆண்டு கழித்தும் தோலின் பளபளப்பும் உடம்பில் தீட்டிய வெண்களிமண்ணின் கீறலும் அப்படியே தெரிவதற்கு அந்தச் செலவுதான் காரணம்.

1896-இல் அவர் லண்டன் மானுடவியல் இதழில் ஒரு செய்முறைக் கட்டுரை எழுதினார். மானுடவியலாளர்கள் எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்பது பொருள். அதைப் படித்தால் மனிதர் என்ன நினைத்துக் கேமராவைத் தூக்கினார் என்பது விளங்கிவிடும். துல்லியம்தான் முக்கியம், மென்மையான ஒளியும் அழகுணர்ச்சியும் இந்த வேலைக்கு ஆகாது என்கிறார். அன்றைய கலை நிழற்படக்காரர்களின் மங்கல் படங்களைக் கிண்டல் செய்கிறார். உடல் அளவுக்கான படம் என்றால் ஆள் முழு நிர்வாணமாக இருக்க வேண்டும். இரண்டு அங்குலச் சதுரங்கள் கறுப்பு வெள்ளையாகத் தீட்டிய பலகையில் உடம்பு தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு ஒன்று. மற்றப் படங்களுக்குப் பின்னால் மங்கிய சாம்பல் நிறத் துணியைத் தொங்கவிட்டால் போதும்.

அந்தச் சாம்பல் துணிக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். அது எதை மறைத்தது? படத்தில் இருப்பவர்கள் போர்ட் பிளேர் ‘வீடுகளில்’ தங்கியவர்கள், அல்லது அங்கே வந்து போனவர்கள். பலருக்கு இந்துஸ்தானி தெரியும். புகையிலை இல்லாமல் இருக்க முடியாது. தப்பி ஓடும் கைதிகளைக் காட்டில் தேடிப் பிடித்துக் கொடுத்துப் பரிசு வாங்குபவர்கள் அவர்களில் உண்டு. தோட்ட வேலை செய்தார்கள், சட்டை பாவாடை உடுத்தினார்கள். படத்துக்கு முன்னால் சட்டை கழற்றப்பட்டது. பின்னால் இருந்த சிறைக் கட்டடமும் கைதிகளும் துணிக்கு அப்பால் போனார்கள். மிஞ்சியது வெளியுலகம் தீண்டாத ஆதிமனிதன். காட்டில் போய்க் கண்டுபிடித்ததாகப் பார்ப்பவர் நினைத்துக்கொள்ளும் அந்த ஆதிமனிதனைப் போர்ட்மேன் தன் வளாகத்தில் வைத்தே தயார் செய்தார். நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்களில் அரண்மனைப் படிக்கட்டு தீட்டிய திரைக்கு முன் குடியானவரை உட்கார வைத்து எடுப்பார்களே, அதே வித்தை. அங்கே திரை ஏற்றிக் காட்டியது. இங்கே திரை எல்லாவற்றையும் உரித்துக் காட்டியது.

நிர்வாணத்தை வலியுறுத்திய அந்தக் கண்ணில் அறிவியல் மட்டும்தான் இருந்ததா என்று வரலாற்றாசிரியர் சதத்ரு சென் கேட்டிருக்கிறார். போர்ட்மேனின் எழுத்தில் ஆண் உடலழகு குறித்த வர்ணனையும் ஆசையும் அடிக்கடி தலைகாட்டுவதை அவர் எடுத்துக் காட்டினார். ஆல்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. திடகாத்திரமான இளைஞர்களுக்கு அதில் கிடைத்திருக்கும் இடம் சற்று அதிகம்தான்.

ஆனால் போர்ட்மேனின் தொகுப்பில் இன்னொரு வகைப் படங்களும் உண்டு. என் கணக்கில் அவைதான் பெறுமதியானவை. ஒரு பொருள் செய்யப்படுவதைக் கட்டம் கட்டமாக எடுத்த தொடர்கள் அவை: வாய்ச்சி என்ற மரம் செதுக்கும் கருவி செய்வது, வில் செய்வது, அம்பு செய்வது. பெரிய அந்தமானியரின் வில்லைப் பார்த்தால் யாரும் ஒரு கணம் நிற்பார்கள். நாம் படத்தில் பார்க்கும் பிறை வடிவம் அதற்கில்லை. நடுவில் பிடி ஒடுங்கி, இரண்டு பக்கமும் துடுப்பு போல அகன்று, ஒரு பாதி ஒரு பக்கம் வளைந்தால் மறு பாதி எதிர்ப்பக்கம் வளைந்து போகும். ஒற்றை மரத்தில் இதைக் கொண்டுவர வேண்டும். முதலில் வாய்ச்சியால் செதுக்குகிறார்கள். வாய்ச்சியின் இரும்பு, கரை ஒதுங்கிய உடைந்த கப்பல்களிலிருந்து எடுத்துத் தட்டியது; அதற்கு முன் சிப்பி ஓடு. உருவம் வந்த பிறகு பன்றித் தந்தம் வருகிறது. காட்டுப்பன்றியின் வளைந்த தந்தத்தை உள்பக்கம் தீட்டி இழைப்புளியாகப் பயன்படுத்துகிறார்கள். மரத்தின் மேல் அதை இழுக்க இழுக்க மெல்லிய சுருள்களாகச் சீவல் விழும். கடைசியில் காட்டுக்கொடி நாரைத் திரித்து நாண்.

இந்தத் தொடர்களில் அளவுப் பலகை இல்லை. தலை குனிந்திருப்பதால் முகம் பாதி தெரியாது. கண் கையின் மேல் இருக்கிறது, கேமராவைப் பார்க்கவில்லை. கட்டளைக்குச் செய்து காட்டியது என்பது உண்மைதான். இருந்தாலும் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதை அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் போர்ட்மேன் இல்லை. பலகைப் படத்தில் உடம்பு வெறும் அளவாகிறது. வில் படத்தில் ஒரு தச்சர் வேலை செய்கிறார். ஒரே அதிகாரி, ஒரே கேமரா, இரண்டு முற்றிலும் வேறான ஆவணங்கள்.

பெயர் விஷயத்திலும் போர்ட்மேனுக்குக் கொஞ்சம் மதிப்பெண் கொடுக்கலாம். டாப்ஸி, ஜம்போ காலம் அதற்குள் போயிருந்தது. பல படங்களில் இருப்பவரின் சொந்தப் பெயர், குழு, உத்தேச வயது எழுதி வைத்திருக்கிறார். எந்த நோக்கத்துக்காக எழுதினார் என்பது வேறு. எழுதியது இன்று உதவுகிறது.

இனி ஆல்பத்தில் இல்லாதவற்றை எடுத்துக்கொள்வோம். பெரிய அந்தமானியர் என்பது ஒரு பொதுப்பெயர். ஜேரு, போ, கோரா, சாரி, கேடே, ஜுவாய், கோல், புச்சிக்வார், பேயா, பலே என்று பத்துக் குழுக்கள், பத்து மொழிகள். 1858-இல் அவர்கள் எல்லாருமாக ஐந்தாயிரம் பேருக்குக் குறையாமல் இருந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. 1868-இல் நிமோனியா. 1876-இல் மேகநோய் (சிபிலிஸ்) பரவியிருப்பது தெரிய வந்தது. ‘வீடுகளில்’ காவலுக்கு வைத்த கைதிகள் வழியே அது வந்தது. 1877-இல் தட்டம்மை வந்து, ஒரே அலையில் பெரும்பகுதி மக்களைக் கொண்டுபோனது. 1892-இல், அதாவது போர்ட்மேன் பலகைக்கு முன் ஆள்களை நிறுத்தி எடை பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இன்ஃப்ளூயன்சா. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1911-இல் 455. 1921-இல் இருநூற்றுச் சொச்சம். 1931-இல் 90.

இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆல்பத்தைப் பார்த்தால் அதன் அவசரம் புரியும். அழிந்துகொண்டிருக்கும் இனம், அதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பதுதான் போர்ட்மேன் போன்றவர்களின் வாதம். வெளியாருடன் ஏற்பட்ட தொடர்பு இவர்களுக்குத் தீமையைத் தவிர வேறொன்றும் தரவில்லை, இத்தனை இனிமையான மக்கள் இவ்வளவு வேகமாக மறைவது தனக்கு வருத்தம் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மனமறிந்து சொன்னதுதான். ஆனால் அழிவை ஏதோ பருவமழை போலத் தானாக வந்ததாகப் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ‘வீடு’ என்ற ஏற்பாட்டைக் கலைத்திருந்தால் நோய் இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. கலைக்கவில்லை. படம் எடுத்தார்கள்.

1906 முதல் 1908 வரை பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் வந்து ஆய்வு செய்தபோது, பழைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. 1922-இல் வந்த அவருடைய புத்தகம் மானுடவியலில் பெரும் பேர் வாங்கியது. 1950-களின் தொடக்கத்தில் இத்தாலிய மானுடவியலாளர் லிடியோ சிப்ரியானி ஓங்கேக்களிடம் தங்கிப் படம் எடுத்தார். 1938-இல் முசோலினி ஆட்சியின் இனவாத அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. சுதந்திர இந்தியா அவரை வரவேற்று இடம் கொடுத்தது. பழைய அறிவியலுக்கு 1947 ஒரு பெரிய தடையாக இருக்கவில்லை.

பழைய பழக்கமும் போகவில்லை. 1974-இல் ஆவணப்படக் குழு ஒன்று, மானுடவியலாளர்கள், காவலர்கள், நிழற்படக்காரர் ரகுபீர் சிங் ஆகியோரோடு வட சென்டினலுக்குப் போனது. கரையில் தேங்காய், அலுமினியப் பாத்திரம், ஒரு பொம்மை, கட்டிப்போட்ட உயிருள்ள பன்றி ஆகியவற்றை வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பறந்து வந்த அம்பு ஒன்று இயக்குநரின் தொடையில் பாய்ந்தது. எய்தவர் ஒதுங்கிப் போய் மர நிழலில் பெருமையாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். பன்றியையும் பொம்மையையும் குத்தி மணலில் புதைத்துவிட்டார்கள். தேங்காயையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். இதைவிடத் தெளிவாக யாரும் பதில் சொல்ல முடியாது. எது வேண்டும், எது வேண்டாம் என்று பொருள் வாரியாகப் பிரித்தே சொல்லிவிட்டார்கள். ரகுபீர் சிங்கின் படங்கள் அடுத்த ஆண்டு நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் வந்தன.

1991 ஜனவரியில் அரசு மானுடவியலாளர்களிடம் சென்டினலியர் நேரடியாகத் தேங்காய் வாங்கிக்கொண்டார்கள். மதுமாலா சட்டோபாத்யாய் அந்தக் குழுவில் இருந்தார். மார்பளவு தண்ணீரில் நின்று தேங்காய் கை மாறும் அந்தப் படங்கள், இந்த மக்களைப் பற்றிய படங்களிலேயே கொஞ்சம் மனம் லேசாகப் பார்க்கக்கூடியவை. ஆனாலும் நோய்ப் பயம் அதிலும் இருக்கத்தான் செய்தது. 1990-களின் நடுவில் அரசே இந்தப் பயணங்களை நிறுத்தியது. 2004 சுனாமி முடிந்த மூன்றாம் நாளில் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் மேலே பறந்தபோது, ஒருவர் மணலில் ஓடி வந்து மேல்நோக்கி வில்லை வளைத்தார். அந்தப் படம் உலகம் சுற்றியது. 2011 கணக்கெடுப்பில் வட சென்டினலுக்குப் பதிவான எண் 15. கடலில் இருந்தபடி கண்ணுக்குத் தெரிந்தவர்களை எண்ணியது அது.

சட்டம் மெதுவாகத்தான் கேமரா பக்கம் திரும்பியது. பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 1956-இலேயே இருந்தாலும், அது நுழைவதைத்தான் முதலில் பார்த்தது. 2012 ஜனவரியில், ஜாரவா காப்புக்காட்டின் வழியே போகும் அந்தமான் நெடுஞ்சாலையோரம் ஜாரவாப் பெண்களைத் தின்பண்டத்துக்காக ஆடச் சொல்லும் வீடியோ ஒன்று பிரிட்டிஷ் பத்திரிகை வழியே வெளிவந்து பெரிய கொந்தளிப்பை உண்டாக்கியது. அந்த ஆண்டிலேயே ஒழுங்குமுறை திருத்தப்பட்டு, காப்புப் பகுதிக்குள் படமும் வீடியோவும் எடுப்பது தெளிவான குற்றமாக்கப்பட்டது. 2017-இல் தேசியப் பழங்குடியினர் ஆணையம் யூடியூபில் கிடக்கும் ஜாரவா வீடியோக்களை நீக்கச் சொன்னது. சாலையை மூட 2002-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. 2025 மார்ச்சில் அமெரிக்க இளைஞர் ஒருவர் வட சென்டினலில் இறங்கி, குளிர்பானக் கேனும் தேங்காயும் வைத்துவிட்டு வந்து கைதானார். கூடவே கேமராவையும் எடுத்துப் போயிருந்தார். 1974-இன் பரிசுப் பொருள் பட்டியல் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

ஆக, இன்றைக்கு எடுக்கிற படத்துக்குச் சிறை. அன்றைக்கு எடுத்த படத்துக்கு உயர்தர ஸ்கேன், இலவசப் பார்வை. லண்டனில் இருக்கும் ஆல்பத்தின் மேல் இந்தியச் சட்டம் செல்லாது. ஆஸ்திரேலிய நூலகங்களில் பழங்குடியினரின் பழைய படங்களுக்கு முன் எச்சரிக்கை வைக்கிறார்கள், சிலவற்றைச் சமூகத்தின் ஒப்புதலின்றித் திறப்பதில்லை. அதற்கு அங்கே வாய்விட்டுக் கேட்கிற அளவுக்கு மக்கள் தொகையும் அமைப்புகளும் இருக்கின்றன. பெரிய அந்தமானியர் இப்போது ஐம்பது சொச்சம் பேர். ஸ்ட்ரெய்ட் தீவிலும் போர்ட் பிளேரிலும் இருக்கிறார்கள். பத்து மொழிகளின் கலவையாக மிஞ்சிய பேச்சும் அருகி, இந்திதான் வீட்டு மொழி. போ மொழியின் கடைசிப் பேச்சாளர் மூத்த போவா 2010 ஜனவரியில் இறந்தார்.

இந்த ஐம்பது பேருக்கு அந்த ஆல்பங்களில் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் இருக்க வாய்ப்புண்டு. போர்ட்மேன் எழுதி வைத்த பெயர்கள் துணை செய்யும். அருங்காட்சியகங்கள் எல்லாப் படங்களையும் ஒரே தேடலில் கொட்டி வைப்பதுதான் எனக்கு உறுத்தல். வில் செய்யும் தொடரையும், தோணி, கூடை, வாய்ச்சிப் படங்களையும் பெயர் விவரங்களோடு அச்சிட்டு ஸ்ட்ரெய்ட் தீவுக்கு நாளைக்கே அனுப்பலாம், யாருக்கும் நஷ்டமில்லை. கட்டப் பலகைப் படங்களையும் உடல் அளவுத் தொகுதிகளையும் அந்தக் குடும்பங்களிடம் முதலில் காட்டி, திறந்து வைக்கலாமா என்று கேட்டுவிட்டு அப்புறம் இணையத்தில் ஏற்றியிருக்க வேண்டும். இப்போது கேட்டாலும் தாமதமில்லை. கேட்க வேண்டியவர்கள் ஐம்பது பேர்தான்.